தம்பிக்குப் பீரங்கி கிடையாது

கையளவுப் படைகள்: வரலாற்றுத் தொடர் – பகுதி 9

வின்ஸ்டன் சர்ச்சில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அவரிடம் ஏறக்குறைய 1,500 பொம்மைச் சிப்பாய்கள் இருந்தார்கள். எல்லோரும் ஒரே அளவு, எல்லோரும் பிரிட்டிஷார். ஒரு காலாட்படை டிவிஷன், ஒரு குதிரைப்படை பிரிகேட் என்று முறையாகப் பிரித்து வைத்திருந்தார். எதிர்ப்படைக்குத் தளபதி அவருடைய தம்பி ஜாக். அண்ணன் தம்பி இருவருக்கும் இடையில் ஓர் ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் இருந்தது. அதன்படி தம்பி வெள்ளையர் அல்லாத சிப்பாய்களை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குப் பீரங்கியும் கிடையாது. 1930இல் வெளிவந்த தம்முடைய இளமைக்கால வரலாற்றில் சர்ச்சிலே இதைச் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

ஒருநாள் அப்பா ராண்டால்ஃப் சர்ச்சில் அறைக்குள் வந்தார். தாக்குதலுக்கு அணிவகுத்து நின்ற படையை இருபது நிமிடம் பார்வையிட்டார். ராணுவத்துக்குப் போகிறாயா என்று மகனைக் கேட்டார். மகன் உடனே சரி என்றான். சர்ச்சிலின் ராணுவ வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது. அந்தப் பொம்மைப் படைக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது: சாமான் ஏற்றிப்போகும் வண்டிகள் இல்லை. அப்பாவின் நண்பர் ஹென்றி டிரமண்ட் உல்ஃப் இதைக் கவனித்துப் பணம் சேர்த்துக் கொடுத்து, அந்தக் குறையையும் ஓரளவு தீர்த்துவைத்தார்.

அரை நூற்றாண்டு கழித்து, 1941 டிசம்பரில், அதே பையன் பிரிட்டனின் பிரதமர். மலாயாவில், கெடாவின் வடக்கே, ஜித்ராவில், 11ஆவது இந்திய டிவிஷன் ஜப்பானியரை எதிர்பார்த்து மழை நிரம்பிய பதுங்குகுழிகளில் நின்றுகொண்டிருந்தது. பஞ்சாபியர், கூர்க்காக்கள், அவர்களோடு இரண்டு ஆங்கிலேயப் பட்டாளங்கள். மலாயா முழுவதிலும் பிரிட்டிஷார் தரப்பில் ஒரு டாங்கிகூட இல்லை. மலாயாவின் படைத்தளபதி பெர்சிவல் டாங்கி கேட்டிருந்தார், வரவில்லை. அதே மாதங்களில் ரஷ்யாவுக்கு நூற்றுக்கணக்கான டாங்கிகள் கப்பலேறின. தம்பி ஜாக்கின் படைக்கு விதித்த விதி ஜித்ராவில் நிஜச் சிப்பாய்களுக்கும் பொருந்திப்போனது. யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்யவில்லை. ஆனால் எந்தப் படை எதிரில் நின்றால் எந்தக் கருவி போதும் என்கிற கணக்கு பையனாக இருந்தபோதே மனத்தில் பதிந்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சென்ற பகுதியில் எச். ஜி. வெல்ஸ் வரைக்கும் வந்திருந்தோம். 1913இல் அவர் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ புத்தகம், வரவேற்பறைத் தரையில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போருக்கு எளிய விதிமுறை தந்தது. அதற்கு முன்பு 1824இல் பிரஷ்ய ராணுவம் ஏற்றுக்கொண்ட ரைஸ்விட்ஸின் போர் விளையாட்டையும், அதற்கும் முன்பு 1780இல் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் நம் சதுரங்கத்தைப் பெரிதாக்கிச் செய்த ஆட்டத்தையும் பார்த்தோம். இந்தப் பகுதியில் மேசையைக் கெடாவுக்கே கொண்டுவந்துவிடலாம். செர்டாங்கிலிருந்து இந்தத் தொடரை எழுதுகிறவனுக்கு அது ஒரு கடமையும்கூட.

முதலில் உலோகம். மேசைமேல் நிற்கிற இந்தச் சின்னச் சிப்பாயின் உடம்பு நம் பக்கத்து மண். கூலிமில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சீனர்கள் லம்பங்கள், அதாவது வெள்ளீயச் சுரங்கங்கள், தோண்டினார்கள். கிரியான் ஆற்றைத் தாண்டினால் லாருட், தைப்பிங். கிந்தா பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த நூற்றாண்டு முடியும்போது உலகத்தின் வெள்ளீயத்தில் பாதிக்குமேல் மலாயாவிலிருந்து போனது. 1902இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி பட்டர்வொர்த்தில் உருக்காலை போட்டது. எதிர்க்கரையில், பினாங்கு டத்தோ கிராமாட்டில், ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் கம்பெனியின் உலைகள் எரிந்தன. அங்கிருந்து போன வெள்ளீயக் கட்டிகள் லண்டன் சந்தையில் ‘ஸ்ட்ரெய்ட்ஸ்’ என்ற பெயரிலேயே விலைபோயின.

பொம்மைச் சிப்பாய் முழுக்க முழுக்க வெள்ளீயம் அல்ல. காரீயம் விலை குறைவு, கனமும் உண்டு. ஆனால் மெத்தென்றிருக்கும், துப்பாக்கி முனை கைபட்டாலே வளைந்துவிடும். வெள்ளீயம் கலந்தால் உருகிய குழம்பு அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடும். மூக்கு, சட்டைப் பொத்தான், தோள்வார் எல்லாம் தெளிவாக விழும். ஆன்டிமனி கொஞ்சம் சேர்த்தால் விறைப்பு வரும், ஆறும்போது சுருங்குவதும் குறையும். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து ஹில்பர்ட் குடும்பத்தார் 1770களில் செய்த தட்டைச் சிப்பாய்களிலிருந்து இன்றைய 28 மில்லிமீட்டர் உருவங்கள் வரைக்கும் இந்த மூன்று உலோகங்களின் விகிதம் மாறிக்கொண்டே வந்ததுதான் இந்தத் தொழிலின் பாதிக் கதை.

1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் குடும்பம் ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. அச்சில் உலோகத்தை ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதைச் சட்டென்று திரும்பக் கொட்டிவிடுவது. வெளி ஓடு மட்டும் மிஞ்சும். உள்ளே வெற்றிடம். உலோகம் மிச்சம், எடை குறைவு, ஜெர்மன் பொம்மையைவிட விலையும் குறைவு. எட்டுக் காலாட்கள், அல்லது ஐந்து குதிரை வீரர்கள், ஒரு சிவப்புப் பெட்டிக்குள் ஒரு ஷில்லிங். தொழிற்சாலையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து எனாமல் பெயிண்டால் நிறம் போட்டார்கள். ஒருத்தி முகத்துக்கு, ஒருத்தி சட்டைக்கு, ஒருத்தி காலணிக்கு. இந்தக் காலத்துப் பொழுதுபோக்குக்காரர் ஒரு சிப்பாய்க்கு ஒரு மாலைநேரம் செலவழிக்கிறார். அந்தப் பெண்களுக்கு அவ்வளவு அவகாசம் யார் தருவது?

அந்தப் பெட்டிகளில் ஒன்றுதான் இந்த அத்தியாயத்துக்குக் காரணம். 1890களிலேயே பிரிட்டன் கம்பெனி இந்திய ராணுவத்தையும் பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. வங்காள லான்சர்கள், பம்பாய்க் காலாட்படை, அவர்களோடு மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. சிவப்புக் கோட்டு, தலைப்பாகை, பழுப்பு முகம். லண்டன் கடைக்குப் போன ஒரு பையன் ஒரு ஷில்லிங்குக்கு எட்டுத் தென்னிந்தியச் சிப்பாய்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

அதே பத்தாண்டுகளில் நிஜ மெட்ராஸ் காலாட்படை ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டுக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஃபிரெடரிக் ராபர்ட்ஸ், பிறகு இந்தியா முழுவதற்கும் தளபதியானார். தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை, வடமேற்கு மலைக்காரனும் பஞ்சாபியும் கூர்க்காவுமே வீரர்கள் என்கிற கொள்கையை நிலைநாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். சில மெட்ராஸ் பட்டாளங்களின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே பஞ்சாபியரை நிரப்பினார்கள். 1903இல் அப்போதைய இந்தியத் தலைமைத் தளபதி கிச்சனர் எல்லாப் பட்டாளங்களுக்கும் புது எண் கொடுத்தார். 1920களின் முடிவுக்குள் மெட்ராஸ் காலாட்படை என்று ஒன்று இல்லாமலே போனது. சாலை போடவும் பாலம் கட்டவும் மெட்ராஸ் சாப்பர்கள் மட்டும் தப்பினார்கள். 1941இல் உலகப்போர் நெருக்கியபோதுதான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடி எழுந்தது. ஆகவே ஜித்ராவில் நின்ற காலாட்படைப் பட்டாளங்களின் பட்டியலில் ஒரு தமிழ்ப் பட்டாளமும் இல்லை. பொம்மைக் கடையில் விற்றவர்களைப் போர்க்களத்துக்குக் கூப்பிடவில்லை.

ஆனால் மலாயாவுக்குச் சிவப்புக் கோட்டுத் தமிழன் புதியவன் அல்ல. பால்மரம் வெட்ட வந்தவனுக்கு முன்பே வந்தவன் அவன். 1831–32இல் மலாக்காவை ஒட்டிய நானிங் போரில் மெட்ராஸ் பட்டாளங்கள்தான் காட்டுக்குள் திணறின. அந்தப் போரில் இருந்த மெட்ராஸ் பீரங்கிப்படைக் கேப்டன் பெக்பி எழுதிய மலாயாத் தீபகற்ப வரலாறு, 1834இல் சென்னை வேப்பேரி மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. அதன்பின் 1860கள் வரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் காவல் பெரும்பாலும் மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரியின் முறைவேலை. பினாங்குக் கோட்டையிலிருந்து பார்த்தால் எதிரே தெரிவது பிறைக் கரை. அதற்கு அப்பால் கெடா. நம் தாத்தாவின் தாத்தாவைக் கங்காணி கப்பலேற்றுவதற்கு இரண்டு தலைமுறை முன்பே, இன்னொரு ஆற்காட்டுக்காரர் துப்பாக்கியோடு இந்தக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அவருக்கு நிறம் போடுவது எப்படி? வரலாறு தெரிந்து சிப்பாய்க்கு நிறம் போடுகிறவர் படும் பாடு இங்கேதான் ஆரம்பம். கோட்டு சிவப்பு என்பதோடு வேலை முடியாது. கழுத்துப்பட்டைக்கும் கைமடிப்புக்கும் ஒவ்வொரு பட்டாளத்துக்கும் வேறு நிறம். ஒன்றுக்கு மஞ்சள், ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு வெள்ளை. முந்தைய காலத்துச் சிப்பாய் முழுக்கால்சட்டை போடவில்லை; தொடையோடு நிற்கும் அரைக்கால் சட்டை, காலில் செருப்பு. தலையில் என்ன என்பதுதான் பெரிய கேள்வி. அந்தக் கேள்வி ஒரு புரட்சியையே கொண்டுவந்தது என்பது நமக்குத் தெரியும்.

1805 நவம்பரில் தளபதி ஜான் கிரடாக் காலத்தில் மெட்ராஸ் ராணுவத்துக்கு ஒரு புதுத் தலைப்பாகை வந்தது. ஐரோப்பியத் தொப்பி மாதிரி உருண்டை. தோலில் ஒரு குஞ்சம். அதோடு அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாகக் கத்தரிக்க வேண்டும் என்று உத்தரவு. 1806 மே மாதம் வேலூரில் எதிர்த்துப் பேசியவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை 10 விடியும் முன்பே வேலூர்க் கோட்டை எழுந்துவிட்டது. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அதை ரத்தத்தில் அடக்கினார். உத்தரவும் பிறகு திரும்பப் பெறப்பட்டது. எனவே 1806ஆம் ஆண்டு மெட்ராஸ் சிப்பாய்க்கு நிறம் போட உட்காருகிறவர், பொட்டு வைப்பதா வேண்டாமா, கடுக்கனுக்குத் தங்கப் புள்ளி வைப்பதா என்று முடிவுசெய்தே ஆக வேண்டும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத புள்ளிதான். அதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆதாரம் தேடுகிறவர்களுக்கு நல்ல துணை நம் ஊர் ஓவியர்களே. தஞ்சாவூரிலும் வேலூரிலும் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்தவர்கள் சிப்பாயையும் மனைவியையும் ஜோடியாக நிறுத்தி, மேற்சட்டைக் கரை வரைக்கும் கவனமாக வரைந்திருக்கிறார்கள். அந்தப் படங்கள் இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இன்னொரு பெரிய ஓவியம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், புள்ளலூரில், ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கிய காட்சி. வரிசை வரிசையாக ஒரே முகம், ஒரே நிறம், ஒரே நிலை; பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிய மாதிரி. நடுவே வெடிக்கும் மருந்து வண்டி. பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடிக்கும் பெய்லி. தோற்றவர்களின் வாரிசுகளே, வெல்லெஸ்லியும் பிறகு டல்ஹௌசியும், அந்தச் சுவரைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார்கள். படை பொம்மை போலத் தெரிய வேண்டும் என்று நினைத்து வரைந்த முதல் ஆள் ஆங்கிலேயன் அல்ல என்பதை அந்தச் சுவர் சொல்லும்.

தோலின் நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘இந்தியத் தோல்’ என்று ஒரே பழுப்பைச் சொல்லி முடித்துவிடும் வழிகாட்டிகளே அதிகம். பெஷாவர்க்காரருக்கும் திருச்சிக்காரருக்கும் ஒரே குப்பி. ஐரோப்பிய முகத்துக்கு அடிநிறம், நிழல், கன்னச் சிவப்பு, மேடு என்று நான்கு படி வைக்கிறவர்கள், நம் முகம் வந்ததும் ஒரே பூச்சில் எழுந்துவிடுகிறார்கள். கரும்பழுப்பில் தொடங்கி, மேலே கொஞ்சம் செம்பழுப்பு, மூக்கு நுனியிலும் கன்ன எலும்பிலும் செம்மண் நிறம், கீழ் உதட்டில் சிறிது ஊதா கலந்த சிவப்பு. இவ்வளவு செய்தால் முகம் பேசும். கண் வேண்டுமானால் முகத்தின் அடிநிறம் போட்டதுமே போட்டுவிடுவது நல்லது. தூரிகை வழுக்கினால் சுற்றிலும் திருத்த இடம் இருக்கும். கோயில் சிலைக்கு ஸ்தபதி கடைசியில் கண் திறப்பார். இங்கே நேர் எதிர்.

கெடாவில் இந்தக் கலைக்கு ஒரு தனிச் சத்துரு உண்டு, காற்றின் ஈரம். வெளிநாட்டுப் புத்தகங்கள் முதல் பூச்சான பிரைமரையும் கடைசிப் பூச்சான வார்னிஷையும் ஸ்பிரே டப்பாவில் அடிக்கச் சொல்லும். மழை வரப்போகிற பிற்பகலில் வார்னிஷை அடித்துப் பாருங்கள். ஒரு வாரம் உழைத்த சிப்பாய் பனி மூடினாற்போல வெளுத்துவிடுவார். காலை வெயில் ஏறிய பிறகு, அல்லது தூரிகையாலேயே பிரைமர் போடுவது நம் பக்கத்துக்குச் சரி. அடித்தளத்துக்கு மண் ஒட்டுவதில் மட்டும் நமக்கு லாபம். ஆற்று மணலும் செம்மண்ணும் கடையில் வாங்கத் தேவையில்லை.

இந்தப் பொழுதுபோக்கு பிரிட்டனில் பெரியவர்களுடையதாக மாறியது 1950களுக்குப் பிறகுதான். 1959இல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி பிளாஸ்டிக்கில் 1/72 அளவுக்குக் கிட்டத்தட்டச் சின்னச் சின்னச் சிப்பாய்கள் போட்டது. கையில் காசில்லாதவனும் ஒரு பட்டாளம் வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. 1962இல் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய ‘வார் கேம்ஸ்’ இதற்குப் பாடநூல். 1966இல் காரீயத்தில் பொம்மை கூடாது என்ற விதி வந்ததும் பிரிட்டன் கம்பெனி தன் உள்ளீடற்ற சிப்பாய்களைக் கைவிட்டது. 1975இல் கேம்ஸ் வொர்க்ஷாப், 1979இல் சிட்டடல், 1983இல் வார்ஹாமர் ஆட்டம், 1987இல் அதன் விண்வெளி வடிவமான ‘வார்ஹாமர் 40,000’: அதற்குப் பிறகு பூதங்களும் விண்வெளி வீரர்களும் வந்து, வரலாற்றுச் சிப்பாய்களை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். அவர்களுடைய கதை இந்தத் தொடரின் வேலை அல்ல.

ஒன்றை மட்டும் சொல்லாமல் போக மனமில்லை. 1993இல் நியூயார்க் மாநிலம் பொம்மைகளில் காரீயத்துக்கு எதிராகச் சட்டம் போட்டபோது, உருவம் வார்ப்பவர்கள் காரீயத்தை விட்டுவிட்டு வெள்ளீயத்தைக் கூட்டினார்கள். சிப்பாயின் உடம்பில் வெள்ளீயம் பெருகத் தொடங்கியபோது இங்கே லம்பங்கள் மூடிக்கிடந்தன. 1985 அக்டோபரில் அனைத்துலக வெள்ளீயக் கழகம் பணம் தீர்ந்து விழுந்ததும் லண்டனில் வெள்ளீய வியாபாரமே நின்றது. பிறகு விலை பாதியாகச் சரிந்தது. எட்டு ஆண்டு தாமதமாக வந்த வாடிக்கையாளரைப் பற்றி என்ன சொல்வது.

இனி ஜித்ரா. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இரண்டாம் உலகப்போர் ஆட்டம் ஆடுகிறவர்கள் மலாயாப் போரை மேசையில் போடுகிறார்கள். ஜப்பானியத் தரப்புக்கு ஹா-கோ, சீ-ஹா டாங்கிகள், பின்கழுத்துத் துணி தொங்கும் தொப்பி, கட்டைவிரல் பிரிந்த ஜிகாதாபி காலணி, சைக்கிள் மிதிக்கும் சிப்பாய்கள். எதிர்த்தரப்புக்குக் காக்கி அரைக்கால் சட்டை, பிரென் துப்பாக்கி, பஞ்சாபி முண்டாசு. 1941 டிசம்பர் 8இல் சிங்கோராவிலும் பட்டானியிலும் கோத்தா பாருவிலும் இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் மூன்றே நாளில் கெடா எல்லையைத் தாண்டினார்கள். டிசம்பர் 11 பிற்பகல், கொட்டும் மழையில், சாயெக்கி என்பவரின் முன்னணிப் படை டாங்கிகளோடு அசூன் சாலையில் பாய்ந்தது. அங்கிருந்த இந்தியச் சிப்பாய்கள் பலர் அதுவரை டாங்கியையே பார்த்ததில்லை. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளும் அவற்றை இயக்குகிறவர்களும் மழைக்கு ஒதுங்கி ரப்பர் மரங்களின் அடியில் நின்றிருந்தார்கள். 13ஆம் தேதிக்குள் ஜித்ரா போய்விட்டது. வண்டிகளும் பீரங்கிகளும் உணவுக் குவியல்களும் பின்னால் கிடந்தன. அகப்பட்டதை எடுத்துக்கொண்ட ஜப்பானியர் அதற்குச் சர்ச்சிலின் பெயரையே வைத்துக் கேலிசெய்தார்கள். வண்டி இல்லாத பொம்மைப் படைக்குப் பணம் சேர்த்துக் கொடுத்த டிரமண்ட் உல்ஃப் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

விளையாட்டில் ஜித்ரா நல்ல போர் இல்லை என்பார்கள். ஒரு தரப்புக்குத் தோல்வி எழுதிவைத்தது. ஆட்டக்காரர்கள் விரும்புவது டிசம்பர் 17, தித்தி காராங்கான். அது நம் கூலிம் மாவட்டம், செர்டாங்குக்கு வடக்கே. பாலிங் பக்கமிருந்து இறங்கிவந்த ஜப்பானியரை அங்கே ஆர்கைல் அண்ட் சதர்லாண்ட் ஹைலாண்டர்ஸ் தடுத்தார்கள். அந்தப் பட்டாளத்தின் கர்னல் இயன் ஸ்டூவர்ட், மற்றவர்கள் கேலிசெய்தபோதும் போருக்கு முன்பே ஆட்களைக் காட்டுக்குள்ளும் ரப்பருக்குள்ளும் நடத்திப் பழக்கியவர். பழைய லான்செஸ்டர் கவச வண்டிகள் அவர்களிடம் இருந்தன. அடித்துவிட்டுப் பின்வாங்கிச் செலாமா பக்கம் போனார்கள். மறுநாள், 18ஆம் தேதி, டிவிஷனின் மிச்சமெல்லாம் கிரியான் ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது. கெடா முழுதும் கைமாறியது.

வெளிநாட்டு மேசைகளில் தித்தி காராங்கானைப் பார்க்கும்போது எனக்குக் கை துறுதுறுக்கும். கொடி, புதர், பிளாஸ்டிக் பனைமரம், அருவி என்று அடர்ந்த காடாகப் போட்டிருப்பார்கள். சண்டை நடந்ததில் பெரும்பகுதி ரப்பர் தோட்டம் ஐயா! கோடு பிடித்து நட்ட மரம். ஒரு வரிசையில் நின்று பார்த்தால் தூரத்து ஆள் தெரிவான். ஓரடி நகர்ந்தால் மரங்கள் மறைத்துவிடும். துப்பாக்கிக்காரன் வரிசையோடு சுடுவானா, குறுக்கே சுடுவானா என்பதே அங்கே தந்திரம். கணக்குப் போட்டால், 28 மில்லிமீட்டர் உருவத்துக்கு அளவு 1/56. இருபதடி இடைவெளி மேசையில் 11 சென்டிமீட்டர். இருபது மீட்டர் மரத்துக்கு 36 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். கை போக இடமிருக்காது, பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். டிசம்பரில் இலை உதிராது, மேலே கூரை மாதிரி மூடியிருக்கும். கீழே பச்சை குறைவு, காய்ந்த சருகின் பழுப்பு அதிகம். ஒவ்வொரு மரத்திலும் சாய்வாக ஒரு வெட்டுக் கோடு, அதன் முனையில் பால் வடியும் கிண்ணமான ஒரு மங்கு. நுண்ணிய தூரிகையால் வெட்டிலிருந்து மங்கு வரை ஒரு வெள்ளைக் கோடு இழுத்தால் போதும், பார்க்கிறவனுக்கு இடம் புரிந்துவிடும்.

அந்த வெள்ளைக் கோட்டை வெட்டியவர் மேசையில் இல்லை. மேசை நிறைய மரம், மரத்தில் பால், ஆனால் ஆள் இல்லை. சாலை ஓரமாகவே தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் இருந்தன. பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, மணி அடித்த காலை ஒன்றில் துரை இல்லை, அவருடைய காரும் இல்லை என்பதைப் பல தோட்டங்கள் அந்த வாரத்தில் கண்டன. தோட்டத்து ஆட்களை ஏற்றிச் செல்ல எவரும் லாரி அனுப்பவில்லை. பினாங்கிலும் அதே கதை. டிசம்பர் 17க்குள் ஐரோப்பியரை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிவிட்டார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த தீவில் மிஞ்சியவர்களை ஒழுங்குபடுத்தியவர்களில் ஒருவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர். கோர்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கச் செய்தவரும், பிரிட்டிஷார் போய்விட்டார்கள், இனி குண்டு போடவேண்டாம் என்று வானொலியில் ஜப்பானியருக்குச் சொன்னவரும் அவர்தான். 19ஆம் தேதி ஜப்பானியர் தீவில் இறங்கினார்கள். வெள்ளைக் காற்சட்டை, கையில் காகிதம், துப்பாக்கி கிடையாது: பினாங்கை மேசையில் போடுகிறவர் முதலில் செய்யவேண்டிய உருவம் இதுவென்பேன்.

செய்வது கடினம் அல்ல. எந்தக் காலத்துக் குடிமக்கள் உருவமானாலும் சரி, கையிலிருப்பதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு பகுதி எபாக்ஸி களிமண்ணைக் குழைத்து வேட்டி, முண்டாசு, முக்காடு வைத்துவிடலாம். ஆணுக்கு இடுப்பில் மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் காண்டா, இரண்டு முனையிலும் பால் வாளி. பெண்ணுக்கு முழுக்கைச் சட்டை, தலையில் துணி, கையில் உளி. கருநீலம், பழுப்பு, மரப்பால் கறை பட்டுக் கறுத்துப்போன முழங்கை. விதிமுறையில் இவர்களுக்கு எண் இல்லை, சுடும் தூரம் இல்லை. அதனாலேயே இவர்களை மேசையில் வைத்தால் ஆட்டம் மாறும். பிரென் துப்பாக்கியை எங்கே நிறுத்துவது என்று ஸ்டூவர்ட்டின் இடத்தில் நின்று யோசிப்பவர் லயத்தைச் சுற்றிவர வேண்டியிருக்கும். டாங்கி ஓட்டுகிறவர் சாலையில் மூட்டைமுடிச்சோடு போகிற கூட்டத்தின் பின்னால் நிற்க வேண்டியிருக்கும்.

தோட்டத்து ஆட்களில் ஆயிரக்கணக்கானோர் சயாம் மரண ரயிலுக்குப் போன கதை இந்தத் தொடரின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அதை மேசையில் வைத்து ஆடக்கூடாது என்பது என் கட்சி. ஆனால் அதே தோட்டங்களிலிருந்து இன்னொரு கூட்டம் புறப்பட்டது. 1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் பெண்கள் படையான ராணி ஜான்சி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தளபதி. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். மங்கைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தவர்களுக்கு எந்தக் காக்கியைப் பூசுவது, தொப்பியை எப்படிச் செய்வது என்பது அடுத்த பகுதியில்.